புறநகர் தந்த இல்லம்: இசைமேதை லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்

பெருநகரங்களின் பெருமை அவற்றின் அரங்குகளிலும் வானளாவிய மாடங்களிலும் இருப்பதாகவே உலகம் எண்ணுகிறது. ஆயினும் அந்நகரங்களுக்குப் புகழ் சேர்த்த கலைஞர்களுள் பலர், நிகழ்ச்சி முடிந்த பின்னர் ஒப்பனையைக் கலைத்துவிட்டுத் திரும்பிச் சென்றது, அரவமற்ற புறநகர்த் தெருக்களுக்கே ஆகும். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் அமைந்த கொரோனா என்னும் சிற்றூர் அத்தகைய பேறு பெற்றது. ஜாஸ் இசையின் தலைமகனாகப் போற்றப்படும் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், தம் வாழ்வின் இறுதி இருபத்தெட்டு ஆண்டுகளை அங்கே ஓர் எளிய வீட்டில் கழித்தார். உலகின் எந்த மாளிகையையும் விலைக்கு வாங்கும் வாய்ப்புப் பெற்றிருந்த அவர், தொழிலாளர்கள் வாழும் தெருவை விட்டு நீங்க மறுத்தது ஏன் என்னும் வினாவுக்கு அவருடைய வரலாறே விடை கூறுகிறது.

வறுமையின் மடியில்

அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பிறந்தார். தாம் 1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிறந்ததாகவே அவர் வாழ்நாள் முழுதும் கூறிவந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னர், 1980களில் கண்டெடுக்கப்பட்ட தேவாலயப் பதிவேடே உண்மையான நாளை உணர்த்தியது. பிறந்த நாளைக்கூட உறுதியாக அறிய இயலாத அளவுக்கு ஆதரவற்ற பிறப்பு அது. மகன் பிறந்த சில நாட்களிலேயே தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். பாட்டியின் அரவணைப்பில் சில ஆண்டுகள் வளர்ந்த சிறுவன், பின்னர்த் தாயிடம் சேர்ந்தான். சண்டையும் சச்சரவும் மலிந்த, போர்க்களம் என்றே ஊரார் பெயரிட்டிருந்த சேரிப்பகுதியில் அவன் இளமை கழிந்தது.

பிழைப்புக்காகக் கார்னாஃப்ஸ்கி என்னும் யூதக் குடும்பத்தாரின் பழம்பொருள் வண்டியிலும் நிலக்கரி வண்டியிலும் அச்சிறுவன் வேலை செய்தான். வண்டி வருவதைத் தெருவாருக்கு அறிவிக்கத் தகரக்குழல் ஊதுவது அவன் பணி. லித்துவேனியாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்த அக்குடும்பத்தினர் அவனைத் தம் உணவு மேசையில் அமர்த்தி உண்பித்தனர். அவன் முதன்முதலில் ஒரு கார்னெட் வாங்கவும் பொருள் தந்து உதவினர். இந்நன்றியை அவர் இறுதிவரை மறந்தாரில்லை. தாவீதின் விண்மீன் பொறித்த பதக்கத்தைக் கழுத்தில் அணிந்திருந்தார். முதுமையில் மருத்துவமனையில் கிடந்தபோது அக்குடும்பத்தைப் பற்றியே நெடிய நினைவுக்குறிப்பு ஒன்றைத் தம் கையால் எழுதினார்.

1912ஆம் ஆண்டின் கடைசி இரவில், புத்தாண்டுக் களிப்பில் வானை நோக்கித் துப்பாக்கி வெடித்ததற்காகச் சிறுவன் கைதானான். கறுப்பினச் சிறார்க்கான சீர்திருத்தப் பள்ளியில் அவன் அடைக்கப்பட்டான். தண்டனையாக வந்த அவ்விடமே கல்விக்கூடமாயிற்று. பள்ளி இசைக்குழுவை நடத்திவந்த பீட்டர் டேவிஸ் அவனுக்குக் கார்னெட் வாசிக்க முறையாகக் கற்பித்தார். குழுவின் தலைமையையும் பின்னர் அவனிடமே ஒப்படைத்தார்.

இசையுலகில் ஏற்றம்

விடுதலை பெற்ற இளைஞருக்கு ஜோ ஆலிவர் என்னும் மூத்த கலைஞர் ஆசானாக வாய்த்தார். மிசிசிப்பி ஆற்றில் சென்ற நீராவிப் படகுகளில் வாசித்த காலத்தில் இசைக்குறியீடுகளைப் படிக்கும் திறனையும் ஆம்ஸ்ட்ராங் தேர்ச்சியுறக் கற்றுக்கொண்டார். 1922இல் ஆலிவரின் அழைப்பை ஏற்றுச் சிகாகோவுக்குப் புறப்பட்டார். தெற்கின் அடக்குமுறையிலிருந்து தப்பி வடக்கு நகரங்களை நோக்கி இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சென்ற பெரும் இடப்பெயர்ச்சியின் காலம் அது.

1925 முதல் 1928 வரை அவர் தலைமையில் வெளிவந்த ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களின் இசைத்தட்டுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின. அதுவரை ஜாஸ் என்பது பலரும் ஒருங்கே வாசிக்கும் கூட்டிசையாக இருந்தது. தனிக்கலைஞன் ஒருவன் தன் கற்பனையால் ஒரு மெட்டை விரித்துச் செல்லும் கலையாக அதனை உயர்த்திய பெருமை பெரிதும் இவரையே சாரும். கருநாடக இசையில் ஆலாபனையிலும் கற்பனை சுரத்திலும் திளைப்போர் இதன் அருமையை எளிதில் உணர்வர். சொற்களை விடுத்து வெற்றொலிகளாலேயே பாடும் ஸ்காட் முறையும் 1926இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டு ஒன்றினால் பரவலாயிற்று. கரகரத்த குரலையும் கலையாக்கிக் காட்டியவர் அவர்.

புகழ் வளர்ந்தது, பயணங்களும் வளர்ந்தன. ஆண்டில் முந்நூறு இரவுகள்கூட வெளியூர்களில் கழிந்த காலம் உண்டு. ஆனால் அவர் வாசித்த அரங்குகள் சிலவற்றின் முன்வாயில் வழியே அவர் நுழைய இயலாது. அவர் இசையைக் கேட்கத் திரண்ட ஊர்களிலேயே அவர் தங்குவதற்கு விடுதி கிடைக்காத நிலை இருந்தது. பெட்டியும் டிரம்பெட்டுமே அவருடைய உடைமை; கிடைத்த விடுதி அறையே அவருடைய இல்லம்.

லூசில் அமைத்த இல்லம்

அந்நிலையை மாற்றியவர் அவருடைய நான்காம் மனைவியான லூசில் வில்சன். காட்டன் கிளப்பில் நடனமாடிவந்த லூசிலை அவர் 1942இல் மணந்தார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் திருநாளும் பயணத்திலேயே வந்தது. லூசில் ஒரு சிறிய மரத்தை வாங்கி, விளக்குகளால் அணிசெய்து விடுதி அறையில் வைத்தார். நாற்பது வயதைக் கடந்த அக்கலைஞருக்கு வாழ்வில் அமைந்த முதல் கிறிஸ்துமஸ் மரம் அதுவே. படுக்கையில் கிடந்தபடி குழந்தையைப் போல் அதனையே நோக்கிக்கொண்டிருந்தார். திருநாள் கழிந்த பின்னும் அதனை எறிய மனமின்றி, அடுத்தடுத்த ஊர்களுக்கும் எடுத்துவரச் செய்தார். வீடு என்று ஒன்றை அறியாத உள்ளத்தின் ஏக்கத்தை லூசில் அன்று உணர்ந்துகொண்டார்.

1943இல் கணவர் பயணத்தில் இருந்தபோதே, குயின்ஸ் பகுதியின் கொரோனாவில், நூற்றேழாம் தெருவில், 1910இல் கட்டப்பட்ட ஒரு வீட்டை லூசில் வாங்கினார். விடுதி அறையே போதும் என்று கருதிவந்த ஆம்ஸ்ட்ராங், ஊர் திரும்பியதும் முகவரிச் சீட்டுடன் ஒரு வாடகைக் காரில் ஏறினார். கார் நின்ற இடத்தில் இருந்த வீட்டைக் கண்டு, ஓட்டுநர் வேடிக்கை செய்கிறார் என்றே அவர் ஐயுற்றார். கதவைத் திறந்து லூசில் வரவேற்ற பின்னரே ஐயம் அகன்றது. அன்று தொட்டு 1971 வரை அதுவே அவர் இல்லம்.

கொரோனாவின் வரலாறும் சுவையானது. 1898இல் குயின்ஸ் பகுதி நியூயார்க் மாநகருடன் இணைக்கப்பட்டது. 1917இல் உயர்பாலத்தின் மீது செல்லும் இரயில் கொரோனாவை எட்டியதும் குடியிருப்புகள் பெருகின. அருகில் மலைபோல் குவிந்திருந்த நிலக்கரிச் சாம்பல் மேடுகள் 1939ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காக அகற்றப்பட்டுப் பூங்காவாயின. இத்தாலியரும் ஏனைய ஐரோப்பியரும் வாழ்ந்த தெருக்களில் கறுப்பினக் குடும்பங்களும் மெல்ல இடம்பெற்றன. அமெரிக்காவின் பல புறநகர்களில் கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கலாகாது என்னும் நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்த காலம் அது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான். இதனை நினைவிற்கொண்டால் ஒரு வீட்டின் சாவி அக்கலைஞர்களுக்கு எத்துணைப் பெரிய உரிமை என்பது விளங்கும்.

குயின்ஸ் பகுதி கறுப்பினக் கலைஞர் பலருக்குப் புகலிடமாயிற்று. அதன் மற்றொரு புறத்தில் அமைந்த அடிஸ்லி பார்க் என்னும் குடியிருப்பில் கவுண்ட் பேஸி, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் முதலியோர் வாழ்ந்தனர். கொரோனாவிலேயே டிஸ்ஸி கில்லெஸ்பி, ஆம்ஸ்ட்ராங்கின் வீட்டுக்கு நடந்துசெல்லும் தொலைவில் குடியிருந்தார்.

தெருவாரின் நண்பர்

பயணம் முடிந்து ஆம்ஸ்ட்ராங் திரும்பும்போதெல்லாம் தெருச் சிறுவர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொள்வர். வாயிற்படியில் அவர்களோடு அமர்ந்து பேசுவதும், பனிக்கூழ் வாங்கித் தருவதும், டிரம்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் அவருக்கு உவப்பான பொழுதுபோக்கு. அவருக்கு மக்கட்பேறு வாய்த்து வளர்ந்த இல்லம் அன்று அது. ஆயினும் குழந்தைகளின் குரல் அங்கு ஓய்ந்ததில்லை. அத்தெருவில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் வளர்வதைத் தாம் கண்டதாக அவர் பிற்காலத்தில் பெருமிதத்துடன் குறிப்பிட்டார். 1967இல் அவர் பாடிய வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்டு என்னும் பாடல் தமக்குக் கொரோனாவையே நினைவூட்டுவதாகவும் கூறினார். அமெரிக்காவில் அன்று விலைபோகாத அவ்விசைத்தட்டு இங்கிலாந்தில் 1968இல் முதலிடம் பெற்றது. 1987இல் வந்த திரைப்படம் ஒன்றின் வழியாகவே அமெரிக்கர் அதன் அருமையை உணர்ந்தனர்.

வீட்டின் மாடியறையில் ஒலிப்பதிவுக் கருவிகளை அமைத்து, நண்பர்களோடு பேசிய பேச்சுகளையும் தாம் கேட்டு மகிழ்ந்த இசையையும் அவர் பதிவுசெய்துவந்தார். ஏறத்தாழ 650 நாடாச் சுருள்கள் எஞ்சியுள்ளன. அவற்றின் அட்டைப்பெட்டிகள் பலவற்றைப் படங்களையும் செய்தித் துணுக்குகளையும் வெட்டி ஒட்டித் தாமே அழகுபடுத்தினார். தட்டச்சுப் பொறியை எங்கும் உடன்கொண்டு சென்று எண்ணற்ற கடிதங்களை எழுதினார். இளமைக்கால நியூ ஆர்லியன்ஸ் வாழ்வைப் பற்றிய அவருடைய தன்வரலாறு 1954இல் வெளியாயிற்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக் கல்வி நின்றுபோன ஒருவரின் எழுத்துப்பணி இது.

பழியும் துணிவும்

மேடையில் எப்போதும் சிரித்த முகத்துடன் தோன்றியமையால், வெள்ளையரை மகிழ்விக்கும் பணியாளராகவே அவர் நடந்துகொள்கிறார் என்று இளைய கறுப்பினக் கலைஞர் சிலர் பழித்தனர். அண்டைவாசியான கில்லெஸ்பியும் ஒரு காலத்தில் அக்கருத்தை வெளியிட்டவரே. தம் இனத்தாராலேயே இகழப்பட்டது ஆம்ஸ்ட்ராங்கின் உள்ளத்தை வருத்தியது.

1957ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் வெள்ளையர் பள்ளியில் சேரவிடாமல் ஆளுநர் படையை நிறுத்தித் தடுத்தார். அப்போது வட டகோட்டாவில் இசைப்பயணத்தில் இருந்த ஆம்ஸ்ட்ராங், இளம் செய்தியாளர் ஒருவரிடம் ஆளுநரையும் குடியரசுத் தலைவர் ஐசனோவரையும் கடுஞ்சொற்களால் கண்டித்தார். தம் மக்களை இவ்வாறு நடத்தும் அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்கு இசைத் தூதுவராகச் செல்ல இயலாது என்றும் மறுத்தார். நிகழ்ச்சிகள் சில கைவிட்டுப் போகும் என்றும் எதிர்ப்புக் கிளம்பும் என்றும் அறிந்தே கூறிய சொற்கள் அவை. சொன்னதைத் திரும்பப் பெறுமாறு நெருக்கியோருக்கு அவர் இணங்கவில்லை. சின்னாட்களில் ஐசனோவர் கூட்டரசுப் படையை அனுப்பி மாணவரைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்லச் செய்தார்.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதை லூசியானா மாநிலச் சட்டம் 1956இல் தடைசெய்தது. இருவகையினரும் கலந்த குழுவை நடத்திய ஆம்ஸ்ட்ராங், பிறந்த ஊராயினும் அந்நகரில் வாசிப்பதில்லை என்று உறுதிபூண்டார். குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய பின்னர், 1965இல்தான் அங்கு மீண்டும் இசைத்தார். பெற்ற ஊர் மறுத்த மதிப்பை, அந்த ஆண்டுகளிலெல்லாம் கொரோனாவின் சிறு தெரு அவருக்கு வழங்கிவந்தது.

கில்லெஸ்பி பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இனவெறிக்கு இடங்கொடுத்துத் தம் உள்ளத்து மகிழ்ச்சியை இழக்க மறுத்த உறுதியே அப்புன்னகை என்பதைத் தாம் உணர்ந்ததாக 1979இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

நிறைவாழ்வு

செல்வம் பெருகியபோது பெரிய வீடொன்றுக்குக் குடிபெயரலாம் என்று லூசில் பலமுறை விரும்பினார். ஆம்ஸ்ட்ராங் உடன்படவில்லை. அண்டை அயலாரின் நட்பு மாளிகைத் தெருக்களில் கிடைக்காது என்பது அவர் கருத்து. உள்ளறைகளை லூசில் தம் விருப்பம்போல் அழகுசெய்தார். பசுநீல வண்ணம் தீட்டிய சமையலறை இன்றும் காண்போரைக் கவர்கிறது. வீட்டின் முகப்பில் செங்கல் பதித்தபோது, தம் வீடு மட்டும் தனித்துத் தெரியலாகாது என எண்ணி, அண்டை வீடுகளுக்கும் தம் செலவில் அவ்வாறே செய்துதர ஆம்ஸ்ட்ராங் முன்வந்தார்.

இதயமும் சிறுநீரகமும் நலிவுற்ற நிலையிலும், மருத்துவர் தடுத்தும், 1971 மார்ச் மாதம் மேடையேறினார். அவ்வாண்டு ஜூலை 6ஆம் நாள், கொரோனா இல்லத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் நீங்கியது. மன்ஹாட்டனில் வைக்கப்பட்ட அவர் உடலுக்குச் சுமார் 25,000 பேர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். இறுதிவழிபாடு மட்டும் மாநகரின் பேராலயம் எதிலும் நிகழவில்லை. கொரோனாவின் சிறிய தேவாலயத்திலேயே நிகழ்ந்தது. அருகிலுள்ள ஃபிளஷிங் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1983இல் மறைந்த லூசில், அவ்வீடு நியூயார்க் மாநகரைச் சேருமாறு ஏற்பாடு செய்திருந்தார். 2003இல் அது நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆவணங்களைக் காக்கவும் நிகழ்ச்சிகள் நடத்தவும் எதிர்ப்புறத்தில் எழுப்பப்பட்ட புதிய மையம் 2023இல் திறக்கப்பட்டது. இன்று அத்தெருவில் பெரும்பாலும் ஒலிப்பது தென்னமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்து குடியேறியோர் பேசும் ஸ்பானிய மொழி. பிழைப்பு நாடி வந்து ஒரு வீட்டின் சாவிக்காக உழைக்கும் மக்களின் ஊராகவே கொரோனா இன்றும் விளங்குகிறது. அவர்களுடைய குழந்தைகள் அந்த வீட்டின் வாயிலைக் கடந்துதான் நாள்தோறும் பள்ளிக்குச் செல்கின்றனர்.