கண் மங்கியும் பணி நிற்கவில்லை!

டால்ஸ்டாயின் பெயர் உலகம் எங்கும் தெரியும். அவர் எழுதியதோ ரஷிய மொழியில். அதை ஆங்கிலத்தில் தந்தவர்களில் ஒருவர், கான்ஸ்டன்ஸ் கார்னெட் அம்மையார்.

இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் 1861-ல் பிறந்தார். சிறு வயதிலேயே நோய் வாட்டியது. ஆனாலும் படிப்பில் கெட்டிக்காரி. உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜில் படித்தார். பெண்கள் படிக்கலாம், பட்டம் கிடையாது என்று இருந்த காலம் அது!

புது மொழி

1891-ல் அம்மையார் கர்ப்பமாக இருந்தார். அப்போது இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ரஷிய புரட்சிக்காரர் ஒருவர், ரஷிய மொழி படிக்கும்படி அவரைத் தூண்டினார். இலக்கணப் புத்தகமும் அகராதியும் கொடுத்தார்.

மகன் பிறந்தான். இரண்டே ஆண்டுகளில் முதல் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1894-ல் ரஷியா சென்று டால்ஸ்டாயை நேரில் கண்டார்.

தோட்டத்தில் உட்கார்ந்து எழுதுவார். எழுதிய தாளைத் தரையில் போடுவார். தலை நிமிர மாட்டார். தாள்கள் முழங்கால் உயரம் குவிந்துவிடும்!

கண் போயிற்று

டால்ஸ்டாயின் "போரும் அமைதியும்" மிகப் பெரிய நாவல். அதன் மொழிபெயர்ப்பு 1904-ல் வந்தது. அந்த வேலை அவர் கண்ணைக் கெடுத்துவிட்டது.

அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. இன்னொருவர் ரஷிய மொழியில் வாசிப்பார். அம்மையார் காதால் கேட்டு ஆங்கிலத்தில் சொல்வார். அவர் எழுதிக்கொள்வார். இப்படியும் உழைத்து, டாஸ்டாவ்ஸ்கி, செகாவ் நூல்களைத் தந்தார். மொத்தம் சுமார் 70 தொகுதிகள்!

வேகத்தில் பிழை விட்டார், எல்லா ஆசிரியர்களையும் ஒரே நடையில் பேச வைத்தார் என்று பின்னால் பலர் குறை கூறினர். குறை உண்டுதான். ஆனால் ஹெமிங்வே போன்ற எழுத்தாளர்களே அவர் நூல்கள் மூலம்தான் ரஷிய இலக்கியத்தைப் படித்தார்கள்.

அம்மையார் 1946-ல், 84-வது வயதில் காலமானார். தம் கண்ணைக் கொடுத்து, பிறருக்குப் படிக்கக் கொடுத்தவர் அவர்.