கிற்றார் வாசிக்கத் தெரியாத லியோ ஃபெண்டர்

கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் பேஸ் கிற்றார் வாசிப்பவன் நான். போன வருடம் ஒரு நிகழ்ச்சியின் நடுவில், வாடகைக்கு எடுத்த அம்ப் திடீரென்று வாயடைத்துப் போனது. டிரம்ஸும் கீபோர்ட்டும் முழங்க, நான் சத்தமில்லாத கம்பிகளை மீட்டிக்கொண்டு நின்றேன். அன்றைய சம்பளத்தில் பாதிதான் கிடைத்தது. இனிச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தேன். கையில் இருந்தது 80,000 ரூபா. புதியதை நினைத்தும் பார்க்கமுடியாது. பாவித்த அம்ப் தேடத் தொடங்கிய நாளிலிருந்து, எங்கே திரும்பினாலும் ஒரே பெயர்தான் எதிர்ப்பட்டது: லியோ ஃபெண்டர்.

1909 ஓகஸ்ட் 10ஆம் திகதி, கலிபோர்னியாவில் தோடந்தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர் அவர். எட்டு வயதில் ஒரு கண் போய்விட்டது. பிறகு வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்தான். சிறுவயதிலேயே றேடியோவில் பைத்தியம். ஆனாலும் படித்தது கணக்கியல். 1930களின் பொருளாதார மந்தத்தில் கணக்காளர் வேலை பறிபோனதும், 600 டொலர் கடன் வாங்கி 1938இல் புல்லர்டன் நகரில் றேடியோ திருத்தும் கடை போட்டார்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய கதை இந்தக் கடையில்தான் தொடங்குகிறது. ஊர் இசைக்கலைஞர்கள் பழுதான அம்ப்களைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்கள். எந்த வயர் அறுகிறது, எந்த ஸ்பீக்கர் கிழிகிறது, எந்தப் பெட்டியைத் திறக்கவே முடியவில்லை என்பதையெல்லாம் அவர் தன் கையாலேயே அறிந்தார். 1946இல் தன் பெயரிலேயே கொம்பனி தொடங்கியபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. திருத்துபவர் திறந்து, பார்த்து, மாற்றக்கூடிய விதத்தில்தான் அவர் தன் அம்ப்களை அமைத்தார். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. செய்ததை இசைக்கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அவர்களுடைய முறைப்பாடுகளைக் கேட்டுக்கேட்டுத்தான் திருத்தினார். வாசிக்கத் தெரிந்திருந்தால் இவ்வளவு பொறுமையாகக் கேட்டிருப்பாரா என்று நான் யோசித்ததுண்டு.

அக்காலத்தில் பேஸ் என்றால் ஆள் உயர டபிள் பேஸ். தூக்கிச் செல்வது பெரும்பாடு. சத்தமான குழுவில் அது கேட்கவும் மாட்டாது. 1951இல் ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் அதைத் தோளில் மாட்டும் கருவியாக்கியது. ஆனால் அதன் தாழ்ந்த சுரங்களைத் தாங்கக்கூடிய பெட்டியும் வேண்டுமே. அதனால் 1952இல், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுடன் பேஸ்மன் அம்ப் வந்தது. சில வருடங்களில் அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்கு மாறியது. வேடிக்கை என்னவென்றால், பேஸுக்காகச் செய்த அந்தப் பெட்டியைக் கிற்றார்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் அம்ப்பும் பேஸ்மனின் சுற்றைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான்.

எங்கள் குழுவின் கிற்றார்காரரும் பழைய பேஸ்மன் ஒன்றை வாங்கும்படி என்னை உசுப்பினார். ஆசையில்லாமல் இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தேன். அந்த நான்கு ஸ்பீக்கர் பேஸ்மனின் வலு சுமார் 45 வோட்ஸ். பேஸின் தடித்த கம்பி அதிர்வது செக்கனுக்கு 41 தடவை அளவில். அவ்வளவு தாழ்ந்த ஒலியை டிரம்ஸுக்கு மேலால் கேட்கச் செய்ய அந்த வலு போதாது. கூட்டினால் ஒலி கரகரக்கும், ஸ்பீக்கரும் போய்விடும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பெட்டி அங்குள்ள 120 வோல்ற்றுக்கானது. எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகினால் புகைதான் மிஞ்சும். அதற்கும் மேலாக விலை.

அந்த விலைக்கும் லியோவின் வாழ்க்கையில் ஒரு காரணம் இருக்கிறது. 1950களின் நடுப்பகுதியில் பிடித்த தொற்று நோய் அவரை வருடக்கணக்கில் வாட்டியது. இனி நெடுநாள் இருக்கமாட்டோம் என்ற எண்ணத்தில், 1965 ஜனவரியில் கொம்பனியை சீ.பி.எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். பிறகு வேறொரு வைத்தியரிடம் போய்க் குணமானார்! சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அந்த விற்பனைக்கு முந்திய ஃபெண்டர்களுக்கே பெரும் காசு கொடுக்கிறார்கள்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு, 15 அங்குல ஸ்பீக்கருடன் கூடிய, 200 வோட்ஸ் ட்ரான்சிஸ்டர் அம்ப் ஒன்றைப் பார்க்கப் போனேன். என் பேஸைக் கொண்டுபோய் அதிலேயே வாசித்தேன். குமிழ்களை ஒவ்வொன்றாக முழுவதும் திருப்பிக் கரகரப்புக் கேட்கிறதா என்று பார்த்தேன். தடித்த கம்பியைப் பலமாக அடித்தபோது ஸ்பீக்கர் அதிரவில்லை. அரை மணித்தியாலம் சூடாக ஓடவிட்டேன். எல்லாம் சரி. பிளக்கைப் பார்த்தால், எர்த் கம்பியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். இரைச்சலைக் குறைக்கச் செய்தது என்றார் விற்பவர். எர்த் இல்லாத அம்ப்பில் பழுது ஏற்பட்டால் கம்பிகளிலேயே மின்சாரம் ஏறலாம். அந்த நிலையில் மைக்கில் வாய் பட்டால் ஆளே போய்விடலாம். விலையில் 10,000 ரூபா குறைக்கச் சொன்னேன். குறைத்தார். நேரே றேடியோ திருத்தும் ஐயாவிடம் கொண்டுபோய் எர்த்தைப் போடுவித்து, உள்ளே முழுவதும் பார்ப்பித்த பிறகுதான் மேடைக்குக் கொண்டுபோனேன்.

லியோ விற்றதோடு ஓயவில்லை. மியூசிக் மேன் கொம்பனியில் ஸ்டிங்ரே பேஸ் அவருடைய கைவண்ணம். பிறகு பழைய கூட்டாளி ஜோர்ஜ் புல்லர்டனுடன் ஜீ அன்ட் எல் தொடங்கினார். பார்க்கின்சன் நோய் கைகால்களைப் பிடித்த பின்னரும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21ஆம் திகதி, 81 வயதில், அதே புல்லர்டனில் காலமானார்.