ஜான் பன்யனும் கடவுளன்பின் உறுதியும்

கடவுள் அன்புடையவர் என்பதை ஒப்புக்கொள்வோர் பலர்; அவ்வன்பு தமக்கும் உரியதெனத் துணிந்து வாழ்வோர் சிலரே. அத்துணிவை அரிதிற்பெற்று, பெற்றபின் துன்பத்திலும் கைவிடாத ஒருவரின் சரிதத்தை நம் கல்லூரி நண்பர்கள்முன் வைக்க விரும்புகின்றோம். மோட்சப் பிரயாணம் என்னும் நூலை இயற்றிய ஜான் பன்யனே அவர்.

இங்கிலாந்தில் பெட்போர்டு நகரையடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். பழைய பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கும் எளிய குடும்பம் அது. மகனும் தந்தையின் தொழிலையே பயின்றார். 1644ஆம் ஆண்டில் தாயாரையும், அடுத்த மாதமே தங்கையையும் இழந்தார். அவ்வாண்டிலேயே அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த போரில் பாராளுமன்றப் படையிற் சேர்ந்தார். பின்னர் மணம் புரிந்தபொழுது அவ்வீட்டில் தட்டுமுட்டுக்கும் பஞ்சம். மனைவியார் கொணர்ந்த சீதனத்திற் குறிப்பிடத்தக்கவை இரண்டு பக்தி நூல்களே.

அந்நூல்களைப் பயின்ற பன்யன் தம் நடையைத் திருத்தத் தலைப்பட்டார். ஆணையிடுதலை விட்டார், ஆடலை விட்டார், தமக்கு மிக விருப்பமான ஆலயமணி அடித்தலையும் விட்டார். அயலார் புகழ்ந்தனர், உள்ளமோ அமைதியடையவில்லை. ஒருநாள் பெட்போர்டில் தொழிலின்பொருட்டுச் சென்றவர், ஒரு வாயிலில் வெயில் காய்ந்துகொண்டு கடவுளின் அருளைக்குறித்து மகிழ்வோடு உரையாடிய சில ஏழைப் பெண்களைக் கண்டார். தம்மிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் உண்டென்று உணர்ந்தார்.

அதனைத் தேடிய ஆண்டுகள் கொடியவை. தாம் கிறிஸ்துவை விற்றுவிட்டதாகவும், இனித் தமக்கு மன்னிப்பே இல்லையென்றும் எண்ணி நடுங்கினார். உள்ளம் கனிந்த நாளில் கடவுள் தம்மை ஏற்றார் என்பார். உள்ளம் உலர்ந்த நாளில் தள்ளினார் என்பார். கலாத்தியர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய விரிவுரை அவருக்குப் பெருந்துணை ஆயிற்று. முடிவில், வயல்வெளியில் நடந்துசெல்லுங்கால் ஓர் உண்மை அவர் நெஞ்சில் உதித்தது. தம்முடைய நீதி தம் உள்ளத்தில் அன்று, பரத்திலுள்ள கிறிஸ்துவினிடத்திலேயே இருக்கின்றது. தம் மனநிலை உயர்ந்தால் அது கூடுவதுமில்லை, தாழ்ந்தால் குறைவதுமில்லை என்று கண்டார். நெடுநாட் கட்டுகள் தளர்ந்தன.

இத்தெளிவுக்குச் சோதனை விரைவில் வந்தது. 1660ஆம் ஆண்டில் முடியாட்சி மீண்டபின், அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பான கூட்டங்கள் தடுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் மாதம் 12ஆம் நாள், பிரசங்கிக்கச் சென்ற இடத்தில் பன்யன் பிடிபட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லையென்று வாக்களித்தால் விடுதலை உண்டு. வீட்டிலோ முதல் மனைவியார் விட்டுச்சென்ற மக்கள் நால்வர். அவருள் மூத்தவளான மேரி கண்ணிழந்தவள். கருவுற்றிருந்த இரண்டாம் மனைவியார் எலிசபெத்து, அதிர்ச்சியால் குழந்தையை இழந்தார். 1661ஆம் ஆண்டில் அவ்வம்மையார் நீதிபதிகள்முன் நின்று அஞ்சாது வழக்குரைத்தும் பயன் விளையவில்லை.

கண்ணற்ற மகளை நினைக்குந்தோறும் பன்யனின் நெஞ்சம் பிளந்தது. தம் உறுதியால் தம் வீட்டையே இடிக்கின்றோமோ என்று கலங்கினார். எனினும் தம்மை நேசித்தவர் தம் மக்களையும் நேசிப்பார் என்று துணிந்து, அவர்களைக் கடவுள் கையில் ஒப்புவித்தார். அங்ஙனம் ஒப்புவித்துவிட்டுக் கைகட்டியிருந்தாரல்லர். சிறையிலிருந்தே நுனியில் தகடு பொருத்திய நாடாக்களைச் செய்து குடும்பத்துக்கு உதவினார். கலக்கம் இல்லாமை நம்பிக்கையன்று. கலக்கத்தினூடும் கடவுளைப் பற்றிநிற்றலே நம்பிக்கை என்பதை நாம் இங்கே கற்கின்றோம். சிறைவாசம் 1672ஆம் ஆண்டுவரை, ஏறத்தாழ 12 ஆண்டுகள் நீடித்தது.

1678ஆம் ஆண்டில் மோட்சப் பிரயாணத்தின் முதற்பாகம் வெளியாயிற்று. அதனைத் தழுவியே நம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள் இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றி 1894ஆம் ஆண்டில் நமக்கு அளித்தனர். சந்தேகக் கோட்டையில் அடைபட்ட யாத்திரிகன், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததை நினைந்து கதவைத் திறந்து வெளியேறுவதாக ஆசிரியர் புனைந்திருக்கின்றார். அக்கோட்டையின் இருளை அவர் நேரே அறிந்தவரன்றோ!

1688ஆம் ஆண்டில், பிணங்கிய தந்தையையும் மகனையும் ஒப்புரவாக்கச் சென்ற பன்யன், மழையில் நனைந்து குதிரைமேல் லண்டன் சேர்ந்தார். காய்ச்சல் கண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள் உயிர்நீத்தார். தாம் பெற்ற அன்பைப் பிறர் வீட்டிற் கொண்டுசேர்த்ததே அவருடைய கடைசிப் பிரயாணத்தின் பயன்.

மாணவராகிய நாமும் கடவுளின் அன்பைப் பரீட்சையின் முடிவாலும், வீட்டின் வறுமையாலும், அன்றன்றைய மனநிலையாலும் அளக்கத் துணிகின்றோம். தேறிய நாளிற் பெருகி, தவறிய நாளிற் சுருங்குவது அவ்வன்பின் இயல்பன்று. அதனை நிலமாகக்கொண்டு நின்று, நம் கடமையை நாம் செய்வோமாக.