இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் கால் வைக்காத மாணவர் நம்மில் மிகச் சிலரே. அப்பெயருக்குரிய பெருமகனாரைக் கப்பலோட்டிய தமிழர் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் பள்ளிப் பருவம் முதலே படித்து வருகிறோம். ஆனால் அவர் தொடங்கியது சட்டப்படி பதிவு செய்யப்பட்ட ஒரு கம்பெனி என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அரசாங்கத்திற்கு அஞ்ச வேண்டுமா, பெருமுதலாளிக்கு அஞ்ச வேண்டுமா என்று பட்டிமன்றங்களில் வாதிடுகிறோம். சிதம்பரனார் காலத்து நெல்லைச் சீமையில் அந்த இரண்டும் ஒரே வாசலில்தான் நின்றன.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையைப் போலவே வக்கீல் தொழில் புரிந்தார். பின்னர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அன்று தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் வாணிபம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கைக்குள் இருந்தது. அதற்கு எதிராக 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். வெள்ளையர் கம்பெனிகளுக்காக வெள்ளையர் ஆட்சி வகுத்த அதே சட்டத்தைக் கொண்டே இதை அவர் நிறுவினார் என்பதைப் பொருளியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்தியர், இலங்கையர், பிற ஆசிய நாட்டினர் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் கொடுத்தார்.

முதலில் வாடகைக் கப்பல்களே ஓடின. அவற்றைத் தந்தவர்கள் எதிர்க்கம்பெனியின் நெருக்குதலுக்கு அஞ்சிப் பின்வாங்கவே, சிதம்பரனார் பம்பாய்க்குச் சென்று முயன்றார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. எதிரிகள் கட்டணத்தைக் குறைத்துக் கொண்டே போய், இறுதியில் இலவசப் பயணத்தோடு குடையும் தரத் துணிந்தனர். மக்கள் அதற்கும் மயங்கவில்லை. விலையைக் குறைப்பது வாணிபத்தில் உள்ளதுதான். அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் அரசு அதிகாரிகளும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றபோது அது வாணிபமாக இல்லை.

1908 பிப்ரவரி 27 அன்று ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். (தாமிரபரணி நீரின் விசையைக் கொண்டு பாபநாசத்தில் மில் நடத்தியவர்களும் இந்த ஹார்விகளே.) சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். வேலையிழந்தோருக்கு ஊரே சோறு போட்டது. நிர்வாகத்தின் பக்கம் பேசிய ஒரு வக்கீலைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு நாவிதர் எழுந்து போன கதையை இன்றும் சொல்வார்கள். சுமார் ஒன்பது நாட்களில் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன.

வெற்றியின் ஈரம் காயுமுன் மார்ச் 12இல் தலைவர்கள் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கல்லூரி மாணவர்களும் வகுப்பை விட்டு வெளியே வந்தனர். நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தீ வைத்ததை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் அந்த நால்வரை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, இராஜ நிந்தனைக்கு இருபது ஆண்டும், சிவாவுக்குத் துணை நின்றதற்கு மற்றோர் இருபது ஆண்டும் நாடு கடத்தல் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது பெரிதும் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். பின்னர் கண்ணனூர்ச் சிறை. அவர் உள்ளே இருந்த காலத்தில் கம்பெனி சரிந்தது. 1911இல் கலைக்கப்பட்டு, காலியா கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கே விற்கப்பட்டது. அரசின் அடக்குமுறை மட்டுமன்றி, உள்ளூர்ப் பங்குதாரர் சிலரின் அச்சமும் அதற்குக் காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1912 டிசம்பர் 24இல் விடுதலையானார். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் வறுமையோடு வாழ்ந்தபோதும் தொழிலாளர் சங்கப் பணியை விடவில்லை. திருக்குறளையும் தொல்காப்பியத்தையும் ஆராய்ந்தார். நெல்லையில் பணியாற்றியிருந்த வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் சில காலம் வழக்குரைத்து, மீண்டும் தூத்துக்குடிக்கே வந்து, 1936 நவம்பர் 18 அன்று காலமானார். அவர் எழுதி வைத்த உயிலில் கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கிகளும் குறிக்கப்பட்டிருந்தன.