ஒரே ஒரு உத்தரவாதம் கேட்டார்... வினு மன்கட்டின் 1952 கதை!

ஊர் டோர்னமென்ட் ஆடியிருக்கீங்களா? அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஒரு கரிசல் ஊரை நினைச்சுக்கோங்க. நல்லா பவுலிங் போடுற பையன், காசு தர்றாங்கன்னு பக்கத்து ஊர் டீமுக்கு இறங்கிட்டா என்ன பேச்சு வாங்குவான்? கிட்டத்தட்ட இதே சிக்கலில் 1952-ல் மாட்டியவர் வினு மன்கட்.

பந்து போடும் முன்பே கிரீஸை விட்டு ஓடும் பேட்ஸ்மேனை அவுட் ஆக்குவதை 'மன்கட்' என்கிறோமே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். 2019 ஐ.பி.எல்-லில் பட்லரை அஷ்வின் தூக்கினாரே, அதேதான். ஆனால், மன்கட்டின் பெரிய கதை அது இல்லை.

1917-ல் ஜாம்நகரில் பிறந்தவர். ஓப்பனிங் இறங்குவார், இடது கை ஸ்பின்னும் போடுவார். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தைச் சாய்த்தோம். அதுதான் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. அந்த மேட்ச்சில் மன்கட் எடுத்தது 12 விக்கெட்.

ஆனால், அப்போது இந்தியாவுக்கு ஆடி மட்டும் குடும்பம் நடத்த முடியாது. இன்றைக்கு இருப்பதுபோல வருடாந்தர ஒப்பந்தமெல்லாம் கிடையாது. இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் கிளப் சம்பளம் கொடுக்கத் தயாராக இருந்தது. அதே கோடையில்தான் இந்திய அணியின் இங்கிலாந்து டூர். அணியில் இடம் உறுதி என்று வாரியம் சொன்னால், நாட்டுக்கு ஆட அவர் ரெடி. வாரியம் அந்த உறுதியைத் தர மறுத்தது. மன்கட் கிளப் பக்கம் போனார்.

லீட்ஸில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்காமல் 4 விக்கெட் காலி! உறுதி தர மறுத்த அதே வாரியம், இப்போது கிளப்பிடம் பேசி மன்கட்டைக் கூட்டி வந்தது. லார்ட்ஸில் 72, 184 ரன்கள். நடுவில், ஒரே இன்னிங்ஸில் 73 ஓவர் போட்டு 5 விக்கெட். மேட்ச் தோற்றது. ஆனால், அது இன்றும் 'மன்கட் டெஸ்ட்'தான்.

1956-ல் சென்னையில் பங்கஜ் ராயுடன் சேர்ந்து 413 ரன் ஓப்பனிங் பார்ட்னர்ஷிப். 1978-ல் மன்கட் மறைந்த பிறகும் அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. ஐ.பி.எல் ஏலம் தொடங்கியதும் அதே 2008-ல்தான். முதல் ஏலத்திலேயே தோனிக்கு 15 லட்சம் டாலர்.

ஆக, வீரர்களுக்கு விலை வந்துடுச்சு. சுதந்திரம்? ஏலத்தில் எந்த டீம் எடுக்குதோ, அங்கேதான் ஆடணும். ஓய்வு பெறாத இந்திய ஆண் வீரர்கள் வெளிநாட்டு டி20 லீக்கில் ஆட வாரியம் அனுமதிப்பதில்லை. கோடிகள் இல்லாத காலத்தில், எங்கே ஆடுவது என்று மன்கட்டே முடிவெடுத்தார்.

அடுத்த தடவை உங்க ஊர்ப் பையன் பக்கத்து ஊருக்கு இறங்கினா, திட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. நம்ம டீம் அவனுக்கு பஸ் காசாவது கொடுத்துச்சா?