இறைவன் அனுமதித்ததும் ஆணையிட்டதும்

றொசல்ல தொடக்கம் ஹற்றன் வரையுள்ள நம் தோட்டங்களில் மழைக்கு லயத்துச் சுவர் சரிந்தாலும், பிள்ளை காய்ச்சலில் படுத்தாலும், நம் நாவில் முதலில் எழுவது எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்பதே. அச்சித்தத்தை எப்போதும் ஒரே பொருளில் கொள்ளலாமா? இறைவன் தாமே செய்வது ஒன்று. நம்மிடம் கட்டளையாகக் கேட்பது வேறொன்று. தீமையைத் தடுக்காமல் அனுமதிப்பது இன்னொன்று. புனித தோமா அக்குவினார் இவற்றைப் பிரித்தே விளக்கினார். கால்வினின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையாரும் இறைவனின் மறைவான தீர்மானத்தையும் வெளிப்படையான கட்டளையையும் வேறுபடுத்துவர். வெறும் அனுமதி என்னும் விளக்கம் மட்டும் கால்வினுக்கு உவப்பானதன்று. ஏட்டில் கடினமாகத் தோன்றும் இவ்வேறுபாட்டைப் புனித யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வில் எளிதாகக் காணலாம்.

1651இல் கோவாவில் பிறந்த அடிகளார், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். 1658இல் அந்நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் சீர்திருத்த சமயத்தை நிலைநாட்டி, கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்தனர். அத்தடை முழுவதையும் அவர்களது இறையியலின் மேல் சுமத்துவது நீதியன்று. போர்த்துக்கேயர் மீண்டும் வந்துவிடுவர் என்ற அச்சமும் அதில் இருந்தது. மறைந்து பணியாற்றிய அடிகளார், தேடுதல் கடுமையாகவே புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். அங்கே பிரெஞ்சுக் கால்வினியர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றரெனக் கோள்சொல்ல, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறைப்படுத்தினான்.

அந்தப் பொய் இறைவன் ஆணையிட்டதன்று, அனுமதித்தது. அடிகளார் தீமைக்கு நன்மையென்று பெயர் சூட்டவில்லை. இந்நிலையில் இறைவன் தம்மிடம் கேட்பது யாது என்பதையே தேடினார். காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றார். சிறு குடிசையில் பலிபீடம் அமைத்தார். நெடுங்காலம் குருவையே காணாதிருந்த கத்தோலிக்கர் அவரைத் தேடி வரத் தொடங்கினர்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றோரை உறவினரே காட்டில் கைவிட்டனர். இதுவும் இறைசித்தமே என்று கைகட்டி நிற்க எவருக்கும் எளிதாயிருந்திருக்கும். பிறரன்புக் கட்டளையோ அவருக்குத் தெளிவாக இருந்தது. குடிசைகள் அமைத்தார், உணவூட்டினார், இறந்தோரைத் தாமே அடக்கம் செய்தார். பௌத்தர், கத்தோலிக்கர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. வாசகரே, உங்கள் பிள்ளையின் காய்ச்சலை இறைவன் அனுமதித்திருக்கலாம். அப்பிள்ளையை வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்வதையே அவர் உங்களிடம் கேட்கிறார்.

1711 ஜனவரி 16ஆம் நாள் அடிகளார் கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் மட்டும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.