நுரையைத் தேடாத துறவி



மூடி பறக்க நுரை பொங்கும் ஷம்பெயின் போத்தலை விருந்து மண்டபத்தில் இல்லாவிடினும் திரைப்படத்திலாவது நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த வகையிலே பேர்போன, விலையும் மிகுந்த ஒரு போத்தலின்மேல் கத்தோலிக்கத் துறவி ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவரே தொம் பெரின்யோன். 'தொம்' என்பது ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளுக்கு வழங்கும் மரியாதைப் பெயர். நுரைக்கும் முந்திரிகை இரசத்தைக் கண்டுபிடித்தவர் இவரே என்றும், இவர் கண்பார்வை இழந்தவர் என்றும் கதை சொல்லுவார்கள். நம்மவர் ஒருவருக்கு இத்தனை புகழா என்று நாமும் மகிழ்ந்து, கேட்டதைக் கேட்டபடியே பிறருக்குச் சொல்லிவிடுகிறோம். அவருடைய வாழ்வைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அவர் செய்யாததற்காக அவரைப் புகழ்ந்து, செய்ததை மறந்துவிட்டோம் என்பது தெரியவரும்.

பிரான்ஸ் தேசத்தின் வடகிழக்கிலே ஷம்பெயின் மாகாணத்தைச் சேர்ந்த செந்த் மெனூ என்னும் சிறு பட்டினத்தில், 1638ஆம் ஆண்டின் முடிவிலே பியர் பெரின்யோன் பிறந்தார். 1639 ஜனவரி 5ஆந் திகதி திருமுழுக்குப் பெற்றார். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தாயார் இறந்துபோனார். தந்தை வழியில் முந்திரிகைத் தோட்டங்கள் இருந்தபடியால் கொடியும் பழமும் சிறுவனுக்குப் பழக்கமானவையே. ஷாலோன் நகரிலே யேசு சபையாரின் கல்லூரியில் பயின்றபின், வேர்டன் நகரத்துப் புனித வான் மடத்திலே ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்தார். 1668ஆம் ஆண்டு ஓவில்லேர் மடத்துக்கு அனுப்பப்பட்டார். இறக்கும்வரை அதுவே அவருடைய வீடு.

ஓவில்லேர் மடம் மார்ன் ஆற்றைப் பார்த்த மலைச்சரிவிலே 7ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கொன்ஸ்தந்தீன் பேரரசரின் தாயாராகிய புனித எலேனம்மாளின் திருப்பண்டம் அங்கே இருந்ததால் யாத்திரிகர் பலர் வந்துபோயினர். ஆனால் பெரின்யோன் வந்த காலத்திலே, அடுத்தடுத்து வந்த யுத்தங்களால் மடம் நலிந்திருந்தது. முப்பது வயதை அணுகிய அந்தத் துறவியிடம் களஞ்சியப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். தானியம், எண்ணெய், கட்டிடத் திருத்தம், வரவு செலவு, தோட்டம், இரசக் கிடங்கு எல்லாம் அந்தப் பொறுப்புக்குள் அடங்கும். மடத்துப் பொருட்களைப் பீடத்துப் பாத்திரங்களுக்கு ஒப்பாகப் பேணவேண்டும் என்பது களஞ்சியப் பொறுப்பாளருக்கு ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கு. அதன்படியே அவர் நடந்தார். அவருடைய காலத்திலே மடத்தின் முந்திரிகைத் தோட்டங்கள் இரு மடங்காகப் பெருகின.

மடத்துக்கு வந்த பழம் ஒரே தோட்டத்துப் பழமன்று. சொந்தத் தோட்டங்கள் பல சரிவுகளில் இருந்தன. அயற்கிராமத்தார் காணிக்கையாகச் செலுத்திய தசமபாகமும் பழமாகவே வந்தது. ஒரு சரிவின் பழம் இனிப்புக் கூடியது. இன்னொன்று புளிப்புத் தூக்கலானது. வேறொன்று மணம் மிகுந்தது. வந்ததை வந்தபடி ஒரே தொட்டியிலே கொட்டிப் பிழிந்தால் நல்லதும் தீயதும் ஒன்றாகிவிடும். எதை எதனோடு எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் அவர் முன்னிருந்த கேள்வி.

அவர் அதை எப்படித் தீர்த்தார் என்பதை, அவருடைய மாணாக்கராகிய சகோதரர் பியர் 1724இல் எழுதிவைத்திருக்கிறார். பழம் முதிரும் நாட்களில் பெரின்யோன் தோட்டங்களுக்குப் போய்வருவார். ஆனால் அங்கே நின்று சுவைத்துத் தீர்மானிப்பதில்லை. தாம் எண்ணிய தோட்டங்களிலிருந்து பழங்களை மடத்துக்கு எடுப்பிப்பார். அவற்றை இரவு முழுவதும் சாளரத்தருகே குளிர்ந்த காற்றுப்பட வைப்பார். மறுநாள் காலையில், வேறெதுவும் உண்ணுமுன், வெறும் வயிற்றோடு ஒவ்வொன்றாகச் சுவைத்து ஒப்பிடுவார். நாவின் தீர்ப்போடும் நின்றுவிடமாட்டார். அந்த ஆண்டு குளிர் எப்படி, மழை எப்படி, பருவம் முந்தியதா பிந்தியதா, கொடியிலே இலை அடர்ந்ததா என்பவற்றையும் கணக்கிலெடுத்தபின்பே சேர்க்கையைத் தீர்மானிப்பார்.

வாசகரே, இந்தக் காட்சியைச் சற்று மனதிலே நிறுத்திப் பாருங்கள். அதிகாலை, சாளரத்தோரம் வரிசையாகப் பழங்கள், ஒவ்வொன்றையும் மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு மனிதர். தோட்டத்திலே, வெயிலிலே, சொந்தக்காரர் பக்கத்தில் நின்று புகழும்போது சுவைத்தால் நாக்கு ஏமாறிப்போகும். வயிறு நிறைந்தபின் சுவைத்தாலும் ஏமாறும். ஒன்றை மட்டும் சுவைத்தால் அது நன்று என்றே தோன்றும். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் அதன் குறையும் நிறையும் தெரியும். இன்று அறியாத பானம் ஒன்று நம் வீட்டு மேசைக்கு வந்தால் நாம் முதலிலே பார்ப்பது போத்தலில் ஒட்டியுள்ள பெயரையும் விலையையுமே. நாவைக் கேட்குமுன் தீர்ப்பை எழுதிவிடுகிறோம்.

மடத்திலே அவர் நின்ற முறையை அக்காலத்து ஷம்பெயின் நாட்டின் சிறந்த செய்கை முறைகளிலும் காணலாம். அவர் இறந்து மூன்று ஆண்டுகளின்பின், 1718இல் வெளிவந்த ஒரு நூல் அவற்றை விவரிக்கிறது. கொடியை மூன்று அடிக்குமேல் ஓங்கவிடாமல் வெட்டவேண்டும். குளிர்ச்சியான காலையிலே பழம் பறிக்கவேண்டும். நசுங்கியதையும் அழுகியதையும் கழிக்கவேண்டும். குதிரையைவிட அமைதியாக நடக்கும் கழுதைகளிலே பழங்களை ஏற்றவேண்டும். காலால் மிதியாமல், செக்கிலே மெதுவாகவும் விரைவாகவும் பிழியவேண்டும். இப்படிப் பிழிந்தால் கறுப்பு முந்திரிகையிலிருந்தும் வெளிறிய, தெளிந்த இரசம் கிடைக்கும். வெள்ளை முந்திரிகையின் இரசம் மறுபடி பொங்கும் இயல்பு கூடியது என்பதால் கறுப்பையே விரும்பினார்கள்.

மறுபடி பொங்குதல் என்று சொன்னேன். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஷம்பெயின் குளிர் மிகுந்த நாடு. மாரிகாலக் குளிரிலே இரசத்தின் நொதித்தல் பாதியில் நின்றுபோகும். வசந்தத்தில் வெப்பம் வந்ததும், எஞ்சிய சீனி மீண்டும் நொதிக்கத் தொடங்கும். அப்போது பிறக்கும் காபனீரொட்சைட்டு, அடைத்த போத்தலுக்குள் அகப்பட்டு நுரையாகும். அழுத்தம் தாங்காமல் போத்தல் வெடிப்பதும் உண்டு. ஒன்று வெடிக்க, பக்கத்திலுள்ளவையும் உடைந்துபோகும். பொங்கும் கள்ளைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. களஞ்சியப் பொறுப்பாளருக்கு நுரை என்றால் நட்டம். பெரின்யோன் அதை ஒரு குறையாகக் கருதித் தவிர்க்கப் பாடுபட்டாரேயன்றி, அதைத் தேடி அலையவில்லை.

நுரையை விரும்பியவர்கள் ஆங்கிலேயர். பிரான்சிலிருந்து பீப்பாக்களில் வந்த இரசத்தை அவர்கள் தங்கள் நாட்டிலே போத்தல்களில் அடைத்தார்கள். நிலக்கரிச் சூளையிலே செய்த அவர்களுடைய கண்ணாடி வலிமையானது, அழுத்தத்தைத் தாங்கியது. இரசத்திலே சீனி சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தைப் பற்றி, கிறிஸ்தோபர் மெரெற் என்னும் மருத்துவர் 1662ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்திலே கட்டுரை சமர்ப்பித்தார். பெரின்யோன் ஓவில்லேர் மடத்துக்கு வந்ததோ அதற்கு ஆறு ஆண்டுகளின் பின். மேலும், ஷம்பெயின் இரசத்தைப் போத்தல்களில் ஏற்றிச் செல்ல பிரெஞ்சு அரசன் அனுமதி கொடுத்தது 1728இல்; அவர் இறந்து 13 ஆண்டுகளின் பின்.

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுப் புரட்சியிலே ஓவில்லேர் மடம் கலைக்கப்பட்டது, துறவிகள் சிதறிப்போனார்கள். அவர்களுள் ஒருவரான தொம் குரோசார், 1821ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்றிலே, நுரைக்கும் வெள்ளை இரசத்தின் இரகசியத்தைக் கண்டவர் பெரின்யோனே என்று எழுதினார். இழந்த வீட்டின்மீது அவர் வைத்த பாசம் உண்மையை மிஞ்சிவிட்டது. பின்னர் ஷம்பெயின் வியாபாரிகள் அந்தக் கதையைக் கையிலெடுத்தார்கள். துறவியின் கைபட்ட பானம் என்றால் மதிப்பு உயருமல்லவா? நுரையைக் கண்டு அவர் வியந்து சொன்னதாக வழங்கும் வாசகங்கூட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே விளம்பரத்துக்காகப் பிறந்ததே. 1936ஆம் ஆண்டு மொயெற் எ ஷாந்தோன் நிறுவனம், 1921ஆம் ஆண்டு அறுவடையின் ஷம்பெயினை அவருடைய பெயரிலே விற்பனைக்கு விட்டது. அவர் குருடர் என்பதற்கும் அவருடைய காலத்து ஆதாரம் கிடையாது.

நம்மவருக்குக் கிடைத்த கீர்த்தியை நாமே ஏன் குறைக்கவேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். திருச்சபைக்கு இரவல் நகை தேவையில்லை. பொய்யான ஒரு பெருமையை நம்முடையது என்று காட்டினால், அது வெளிப்படும் நாளில் நம்முடைய உண்மையான பெருமைகளையும் உலகம் சந்தேகிக்கும். அது மட்டுமன்று, தற்செயலாக ஓர் அதிசயத்தைக் கண்டவராக அவரைக் காட்டும்போது, 47 ஆண்டுகள் விடியற்காலையிலே வெறும் வயிற்றோடு சாளரத்தருகே நின்ற உழைப்பைத் துடைத்தெறிந்து விடுகிறோம்.

1715 செப்டெம்பரிலே தொம் பெரின்யோன் இறந்தார். அதே மாதத்தின் முதல் நாளிலேதான் பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயியும் இறந்தான். அவனும் 1638இலேயே பிறந்தவன். ஓவில்லேர் ஆலயத்திலே துறவியின் கல்லறைக் கல் இன்றும் இருக்கிறது. அதில் இலத்தீன் மொழியிலே பொறித்திருப்பது இவ்வளவுதான்: 47 ஆண்டுகள் இம்மடத்தின் களஞ்சியப் பொறுப்பாளராயிருந்தார், மடத்துச் சொத்தைப் பிறர் மெச்ச நிர்வகித்தார், புண்ணியங்கள் நிறைந்தவர், எல்லாவற்றிலும் மேலாக ஏழைகள்மேல் தந்தைக்குரிய அன்பு வைத்திருந்தார்.

இரசத்தைப் பற்றியோ நுரையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அவரை அறிந்தவர்கள், ஏழைகளை நேசித்த பொறுப்பாளர் என்றே அவரை நினைவுகூர விரும்பினார்கள். நாமும் அப்படியே நினைவுகூருவோம்.